மூன்றாம் ஓலை

அன்று எங்கள் முன்அறையில் இருந்தவர்களின் பெயர்களை முதலில் எழுதிவிடுகிறேன். சூசைப்பிள்ளையாகிய நான். என் மனைவி திரேசம்மா. எங்கள் கடைசி மகள் ஞானமலர். அவளுக்கு நிச்சயம் செய்திருந்த மாப்பிள்ளை இக்னேசியஸ். அவருடைய தாய் மக்டலின். ஞானமலரும் இக்னேசியஸும் வேலை செய்த கொம்பனியின் பெரிய கிளாக்கர் சரீப். இவ்வளவு பேர்தான். எண்பத்தோராம் ஆண்டு தை மாதம், நல்ல மழை. யன்னல்களை நானே சாத்தினேன். ஆகவே வெளியில் நின்று கேட்டோம் என்று சொல்லுகிறவர்களையும் கணக்கில் எடுக்கத் தேவையில்லை.

எங்கள் குடும்பத்தைப் பற்றித் திருகோணமலையில் ஒரு கதை உலாவுகிறது. அதற்குச் சந்தி சந்தியாக நின்று பதில் சொல்வது என் வயதுக்கும் நடத்தைக்கும் பொருந்தாது. எழுதி வைக்கிறேன்.

நான் கடற்படை டொக்யாட்டில் வெள்ளைக்காரன் காலத்திலேயே கிளாக்கராகச் சேர்ந்தவன். தளம் கைமாறிய பிறகும் இருந்து, மரியாதையோடு ஓய்வு பெற்றவன். என் பிள்ளைகளில் ஞானமலருக்குத்தான் கணக்கு வந்தது. பல்கலைக்கழகத்துக்குப் புள்ளிகள் சிறிது குறைந்துவிட்டன. உள்துறைமுகத்தில் கப்பல் மா இறக்கிக் களஞ்சியப்படுத்தும் ஒரு கொம்பனியில் தட்டெழுத்து வேலை கிடைத்தது. வேலை செய்யும் கந்தோர் வீட்டுக்குக் கிட்ட. சரீப் எனக்கு நெடுங்காலம் தெரிந்தவர், குறிஞ்சாக்கேணிக்காரர். அவர் பொறுப்பில் இருக்கிறார் என்பதற்காகத்தான் அனுப்பினேன்.

அந்தக் கொம்பனியின் தலைமைக் கந்தோர் கொழும்பில் ஒரு கொம்பியூட்டரை மணிக்கு இவ்வளவு என்று வாடகை பேசி எடுத்திருந்தது. புரோகிராம் எழுதப் பழக விருப்பமுள்ளவர்கள் கிளைகளிலிருந்து பெயர் தரலாம் என்று ஒரு நாள் அறிவித்தார்கள். ஆண்கள் இருவர் கொடுத்தார்கள். ஞானமலர் என்னிடம் கேட்க வந்தாள்.

"அதென்ன வேலை?"

"மெசின் என்ன செய்ய வேணுமெண்டு படிப்படியா எழுதிக் குடுக்கிறது அப்பா."

"மெசினுக்கு ஏவல் சொல்லுறதோ?"

"ஓம்."

"ஏவல் கேட்கிறதிலும் பார்க்க அது நல்லதுதான்" என்று சொல்லிச் சம்மதித்தேன்.

எங்கள் ஊரில் மெசின் கிடையாது. கட்டம் போட்ட தாளில், ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்தாக, ஆங்கிலப் பெரிய எழுத்தில் பென்சிலால் எழுத வேண்டும். அந்தத் தாள்கள் மெயில் ரயிலில் கொழும்புக்குப் போகும். அங்கே பெண்கள் இருந்து எழுத்துகளை அட்டைகளில் துளைகளாக அடிப்பார்கள். மெசினுக்கு வேறு வேலை இல்லாத நேரம் பார்த்து அட்டைகளைக் கொடுப்பார்கள். மெசின் சொன்ன பதில் நீளமான மடிப்புக் கடுதாசியில் அச்சாகி, அதே ரயிலில் திரும்பி வரும். போய் வர ஒரு கிழமைக்கு மேல் ஆகும்.

அவள் முதன்முதல் அனுப்பியதற்கு ஒரு பெரிய கட்டுக் கடுதாசி வந்தது. எல்லாம் பிழை, வரிக்கு வரி பிழை. நாள் முழுக்க இருந்து தேடிக் கண்டுபிடித்தாள். மேலே ஒரு வாக்கியத்தின் முடிவில் முற்றுப்புள்ளி வைக்கவில்லை. அந்தப் புள்ளி இல்லாததால் கீழே இருந்த ஒன்றும் மெசினுக்கு விளங்கவில்லை.

"ஒரு புள்ளிக்கு இவ்வளவு கோபமோ? உன்ரை அப்பாவிலும் மோசமாயிருக்கு" என்றாள் திரேசம்மா.

மற்ற இருவரும் அத்தகைய கட்டுகள் சில வந்ததும் விட்டுவிட்டார்கள். ஞானமலர் விடவில்லை. கொழும்புக்கு அனுப்பமுன் தானே மெசினாக இருந்து பார்ப்பது என்று தீர்மானித்தாள். குசினியிலிருந்த டின்களை மேசையில் வரிசையாக வைப்பாள். மல்லி டின் மொத்தக் கணக்கு. மிளகாய் டின் அன்றைய வரவு. சீரக டின் அன்று வெளியே போன மூட்டை. தாய் மூட்டைத் துண்டுகளை, அதாவது மூட்டைக்கு ஒன்றாக எழுதும் சீட்டுகளை, ஒவ்வொன்றாக வாசிக்க வேண்டும். மகள் தான் எழுதிய புரோகிராமை விரலால் தொட்டுத் தொட்டு, அது சொல்வதை மட்டும் செய்து, டின்களுக்குள் எண் எழுதிய கடுதாசிகளை மாற்றிக்கொண்டே போவாள். அது சொல்லாததைச் செய்யக்கூடாது. தெரிந்ததையும் தெரியாததுபோல இருக்க வேண்டும். அதுதான் கடினம் என்பாள்.

"அம்மா! மொத்தக் கணக்கைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போகாதேங்கோ!"

"அப்ப குழம்புக்கு நான் என்னத்தைப் போடுறது? உன்ரை சீரோவையோ?"

இப்படித்தான் பழகினாள். வருஷம் திரும்புவதற்குள் அவள் அனுப்பியவை பிழையில்லாமல் திரும்பி வரத் தொடங்கின. கொழும்பிலிருந்து வந்த புத்தகங்களை இரவல் பெற்று, வேண்டிய பகுதிகளைக் கையால் எழுதி எடுத்தாள். ஒரு நாள் சரீப் எங்கள் வீட்டுக்கு வந்து சிரித்தார்.

"சூசையண்ணன், கொழும்பில கேக்காங்க, உங்கட மகள் வீட்டுக்குள்ள ஒரு மெசினை ஒளிச்சி வெச்சிரிக்காவாண்டு."

"ஓம், இருக்கு. இண்டைக்குத்தான் அதுக்குள்ளை மல்லி முடிஞ்சது" என்றாள் திரேசம்மா.

பிறகு பெரிய வேலை வந்தது. திருகோணமலைக் களஞ்சியத்தின் மாதக் கணக்கு முழுவதையும் கொம்பியூட்டரில் போட வேண்டும். அதற்கான புரோகிராமை ஞானமலரே எழுத வேண்டும். சரிவந்தால் கொழும்பில் நிரந்தரப் பதவி. கன்னியாஸ்திரிகளின் விடுதியில் இடம் பார்த்துத் தருவதாக எங்கள் பங்குச் சுவாமி சொன்னார். அந்தப் பதவியை அவள் எவ்வளவு விரும்பினாள் என்று எனக்குத் தெரியும். அவள் என்னிடம் சொல்லவில்லை. கொழும்பு ரயில் நேரசூசியை அலுமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டியிருந்தாள்.

அதே காலத்தில்தான் இக்னேசியஸின் சம்பந்தம் பொருந்தியது. அவர் அதே கொம்பனியில், களஞ்சியக் கணக்குப் பகுதியில் கிளாக்கர். தகப்பன் இல்லை. தாய்க்கு ஒரே மகன். குடியில்லை, கடனில்லை, ஞாயிறு பூசை தவறவிட்டதில்லை. பெரியவர்களோடு பேசும்போது எழுந்து நின்று பேசுகிற பழக்கம் உள்ளவர். கலியாணம் முடிந்ததும் கொழும்புக்கு மாற்றம் கேட்பதாகப் பேச்சு.

நிச்சயம் முடிந்த பிறகு ஞாயிறுகளில் பூசை முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடிப்பார். மேசைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் மகள், நடுவில் திரேசம்மா. எங்கள் குடும்பத்தில் அப்படித்தான். நிச்சயித்த ஆணும் பெண்ணும் ஒரு பெரியவருக்கு முன்னால், எல்லாரும் கேட்கக்கூடியதைத்தான் கதைக்கலாம். எல்லாரும் கேட்கக்கூடிய விஷயம் அவர்களுக்கு ஒன்றுதான் இருந்தது. மா மூட்டை.

"கிழிஞ்ச மூட்டையை வரவிலை சேர்க்கிறனீங்களோ?"

"கிழிசலைப் பொறுத்தது. கொக்கி பட்ட கிழிசலெண்டா சேர்ப்பம். எலி கடிச்சதெண்டா வேறையாப் பதியிறது."

"ரெண்டுக்கும் வித்தியாசம் என்னெண்டு கண்டுபிடிக்கிறது?"

அடுத்த ஞாயிறு அவர் பத்திரிகைத் தாளில் சுற்றி ஏதோ கொண்டுவந்து மேசையில் வைத்தார். திரேசம்மா புட்டாக்கும் என்று நினைத்துத் தட்டு எடுத்து வந்தாள். பிரித்தால், மூட்டை இழுக்கும் இரும்புக் கொக்கி. திரேசம்மா பின்னால் நகர்ந்து சிலுவை போட்டுக்கொண்டாள். ஞானமலர் அதைக் கையில் எடுத்து, முனையைத் தடவிப் பார்த்து, "இப்ப விளங்குது" என்றாள். அதன் பிறகு அந்தக் கொக்கி எங்கள் அலுமாரியில் இருந்தது. மற்ற மாப்பிள்ளைமார் மணிபர்சும் சேலையும் கொடுப்பார்கள்.

இப்படி ஞாயிறுக்கு ஞாயிறு, தன் பகுதியின் வேலை முழுவதையும் அவர் என் மகளுக்கு வாயால் கொடுத்தார். அவள் அதை மெசினுக்குக் கொடுத்தாள். அது எங்கே போய் முடியும் என்று அந்த மேசையில் இருந்த ஒருவரும் யோசிக்கவில்லை. கூட்டுகிற கழிக்கிற சள்ளை குறையும் என்றே எல்லாரும் எண்ணியிருந்தார்கள்.

"கலியாணம் முடிய நான் நாலரைக்கே வீட்டை வந்திடுவன் மாமி. கூட்டல் வேலையெல்லாம் இவவின்ரை மெசின் பார்த்துக்கொள்ளும்" என்று அவர் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. சந்தோஷமாகத்தான் சொன்னார்.

எங்கள் கோயிலில், கலியாணம் செய்யப் போகிறவர்களின் பெயர்களைச் சுவாமி மூன்று ஞாயிறு பூசையில் வாசித்து அறிவிப்பார். யாருக்காவது தடை தெரிந்தால் சொல்ல வேண்டும். அதை ஓலை வாசிப்பது என்போம். மூன்றாம் ஓலையும் வாசித்த பிறகுதான் கலியாணம். எங்கள் வீட்டு வழக்கப்படி, முதலாம் ஓலை வாசித்த நாள் முதல் பெண்ணும் மாப்பிள்ளையும் சந்திப்பதில்லை. கந்தோரிலும் பேசக்கூடாது என்று நான் இருவருக்கும் சொல்லியிருந்தேன். இருவரும் சொல் தவறவில்லை.

முதலாம் ஓலை வாசித்தார்கள். அந்தக் கிழமையே கொழும்பிலிருந்து அறிவித்தல் வந்தது. முடிந்த மாதக் கணக்கைக் கிளாக்கர்மாரும் மெசினும் தனித்தனியே செய்ய வேண்டும். இரண்டும் ஒத்துவந்தால் களஞ்சியக் கணக்குப் பகுதி மூடப்படும். அங்கே இருந்தவர்கள் வேறு வேலைகளுக்கு மாற்றப்படுவார்கள். இக்னேசியஸுக்குக் களஞ்சியக் கேற்றில் நின்று மூட்டைத் துண்டு எழுதுகிற வேலை. கொழும்பு மாற்றம் என்ற பேச்சே அதில் இல்லை.

இரண்டாம் ஓலையும் வாசித்தார்கள். அந்த ஞாயிறு மக்டலின் கோயில் வாசலில் எங்களோடு கதைக்கவில்லை.

இரண்டு கணக்கும் ஒத்துவரவில்லை. மெசின் கணக்கில் மூட்டை கூடுதலாக இருந்தது. ஏன் கூட என்று ஞானமலருக்கு விளங்கவில்லை. டின்களை அடுக்கினாள், கலைத்தாள், திரும்ப அடுக்கினாள். தாய் வாசித்து வாசித்துக் குரல் அடைத்துப்போனாள். புரோகிராமில் பிழை இல்லை. ஆனால் விடை பிழை. அவள் சாப்பாட்டைப் பிசைந்துவிட்டு எழும்பிப் போவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்கக்கூடிய ஆள் ஒருவர்தான். அவரோடு பேசக்கூடாது.

மக்டலின் மகனையும் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லியனுப்பினார். பெரியவர்கள் கூடிப் பேசும் விஷயம் என்பதால், வழக்கத்தைச் சொல்லி நான் தடுக்கவில்லை. கந்தோர் விஷயம் என்றபடியால் சரீப்பையும் வரச் சொன்னேன். அன்று மாலை மெயிலுக்கு அவர் கொழும்புக்குப் பதில் அனுப்பவும் வேண்டியிருந்தது. இப்படித்தான் அந்த ஆறு பேரும் சேர்ந்தோம்.

மக்டலின் கதிரை நுனியில் இருந்தார். நீட்டிய தேத்தண்ணியை வாங்கவில்லை.

"அண்ணை, கிளாக்கர் மாப்பிள்ளை எண்டுதானே என்ரை மகனைக் கேட்டனீங்கள். உங்கடை மகள் எழுதின எழுத்திலை அவன் கேற்றிலை நிக்கப் போறான். இதென்ன சம்பந்தம்?"

"கேற்றிலை நிக்கிறது மானக்கேடில்லை" என்றேன்.

"உங்கடை மகன் நிண்டா அப்பிடிச் சொல்லுவியளோ?"

சரீப் தொண்டையைச் செருமினார்.

"கொஞ்சம் பொறுங்க மக்டலின் அக்கா. இன்னும் ஒண்டும் முடியல்ல. ரெண்டு கணக்கும் ஒத்து வரல்ல. ஏன் கூடுதுண்டு இந்தப் புள்ள சொன்னாத்தான் கொழும்பு ஏத்துக்கொள்ளும். சொல்ல ஏலாட்டி, புரோகிராமை ஒரு பக்கம் வெச்சிட்டு, செக்சன் பழையபடி நடக்கும். கொழும்புப் போஸ்ட்டுக்கு அவங்க வேற ஆளைப் பாப்பாங்க."

மக்டலினின் முகம் இளகியது. கதிரையைத் தள்ளி ஞானமலருக்குக் கிட்டப் போனார்.

"அப்ப ஏலாதெண்டு சொல்லிவிடன் பிள்ளை. ஒரு புள்ளி பிசகினாலே அந்தச் சாமான் படுத்திடுமாமே. உன்ரை அம்மாதானே கோயிலிலை சொல்லிச் சிரிச்சவ. ஒரு புள்ளிதானே, என்ரை ராசாத்தி."

"மாமி, நான் பொய் சொல்லத் தேவையில்லை" என்றாள் ஞானமலர். "உண்மையாவே எனக்குத் தெரியேல்லை. எல்லாத்தையும் பார்த்திட்டன். என்ரை மூளைக்கு எட்டேல்லை."

"அப்ப ஏலாதுண்டு எழுதவா புள்ள?" என்று கேட்டார் சரீப்.

"எழுதுங்கோ சரீப் நானா."

மக்டலின் நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டார். சரீப் பேனையைத் திறந்தார். அதுவரை தலை குனிந்திருந்த இக்னேசியஸ் எழுந்து நின்றார். பெரியவர்களோடு பேசும்போது எழுந்து நிற்பவர் என்று சொன்னேன் அல்லவா.

"அது ஈரமூட்டை" என்றார்.

ஒருவருக்கும் விளங்கவில்லை.

"மழைக்குள்ளை படகிலை இறக்கேக்கை சில மூட்டை நனையும். இறங்கின உடனை எல்லாத்துக்கும் துண்டு எழுதுறது. வரவிலை சேர்ந்திடும். நனைஞ்சதை உலர்த்துற கொட்டிலுக்கு அனுப்புறது. காய்ஞ்சு திரும்பக் களஞ்சியத்துக்கு வரேக்கை, கொட்டிலிலை நிக்கிறவர் அதுக்கு இன்னொரு துண்டு எழுதுவார்."

"அப்ப ஒரு மூட்டைக்கு ரெண்டு துண்டோ?" என்றாள் ஞானமலர். "நீங்கள் எப்பிடி ரெண்டு தரம் எண்ணாமல் விடுறனீங்கள்?"

"கொட்டில்காரர் நீலப் பென்சிலாலை எழுதுவார். நீலத்தைக் கண்டா நாங்கள் கூட்டுறேல்லை, ஒதுக்கிப்போடுவம். அது ஒரு இடத்திலையும் எழுதிக் கிடக்கேல்லை. நான் உங்களுக்குச் சொல்லவும் இல்லை. சொல்ல வேணுமெண்டு தோன்றவே இல்லை. கண் பார்க்கும், கை ஒதுக்கும்."

ஞானமலர் எழும்பிவிட்டாள்.

"துளைக்கு நிறம் இல்லை" என்றாள். "கொழும்பிலை அடிக்கிற பிள்ளையளுக்கு நீலமும் கறுப்பும் ஒண்டுதான். எல்லாத்தையும் அடிச்சிருக்கினம். மெசின் எல்லாத்தையும் கூட்டியிருக்கு!"

சரீப் கொழும்பு திருப்பி அனுப்பியிருந்த அந்த மாதத் துண்டுகளைத் தன் பையிலிருந்து எடுத்து, நீலத்தை மட்டும் பொறுக்கினார். ஞானமலர் கூட்டினாள். மெசின் எவ்வளவு கூடச் சொன்னதோ, அவ்வளவே வந்தது. அவள் தலை நிமிர்ந்து இக்னேசியஸைப் பார்த்துச் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை நான் அவளிடம் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. அவரும் சிரித்தார். ஞாயிறுகளில் அந்த மேசையில் இருந்ததுபோல இருவரும் ஒரு கணம் எங்களையெல்லாம் மறந்து நின்றார்கள்.

பிறகு அவளுக்கு நடந்தது விளங்கியது. பென்சில் கையிலிருந்து மேசையில் விழுந்து உருண்டது.

"அட மடையா!" என்று கத்தினார் மக்டலின். "வாயைப் பொத்திக்கொண்டு இருக்க ஏலாதோ உனக்கு?"

"இருந்து பார்த்தனான் அம்மா. கந்தோரிலை அந்தக் கணக்கைக் கண்ட உடனையே எனக்குத் தெரியும். வாயைத் திறக்கிறேல்லை எண்டுதான் இஞ்சையும் வந்தனான். இவ தன்ரை மூளையிலை பிழை எண்டு சொல்லுறா. அதைக் கேட்டுக்கொண்டு இருக்க ஏலாமல் கிடக்கு."

"சரீப் நானா, எழுதாதேங்கோ" என்றாள் ஞானமலர். "நான் ஏலாதெண்டு சொல்லிட்டன். அதையே எழுதுங்கோ."

சரீப் பேனையை மூடவும் இல்லை, எழுதவும் இல்லை. என்னைப் பார்த்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"இந்த வீட்டிலை கண்ட கணக்கை மறைக்கிறேல்லை" என்றேன்.

அதில் பேச ஒன்றும் இருக்கவில்லை. ஒரு நேர்மையான மனிதர் தன் பிழைப்பைக் கொடுத்து உண்மையைச் சொன்ன பிறகு, அதை என் வீட்டில் வைத்துப் பொய்யாக்க நான் விடமாட்டேன். சரீப் எழுதினார். மழை கூரையில் விழும் சத்தத்தில் பேனை ஓடுவது கேட்கவில்லை.

அவர் எழுதி முடியும்வரை இக்னேசியஸ் நின்றுகொண்டே இருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மாமா, மூண்டாம் ஓலை வேண்டாம். நானே சுவாமியிட்டைப் போய்ச் சொல்லுறன்."

திரேசம்மா விம்மத் தொடங்கினாள். ஞானமலர் அசையவில்லை.

"ஏன்?" என்றாள்.

"நீங்கள் கொழும்புக்குப் போவியள். எனக்கு வேலை இந்தக் கேற்றிலை. அம்மாவை விட்டிட்டு நான் எங்கையும் வர ஏலாது. வந்தாலும், உங்கடை சம்பளத்திலை சாப்பிட்டுக்கொண்டு, பெட்டி தூக்கிக்கொண்டு உங்களுக்குப் பின்னாலை திரிய என்னாலை ஏலாது."

"நான் போகேல்லை. இஞ்சையே தட்டெழுத்து வேலையிலை இருக்கிறன்."

"நீங்கள் போகாட்டி நான் ஏன் சொன்னனான்?"

அவர் கடுமையாகச் சொல்லவில்லை. ஞானமலர் உருண்டு கிடந்த பென்சிலைக் கையில் எடுத்தாள்.

"நீலத் துண்டுக்கு ஒரு விதி எழுத வேணும். அந்த வரிக்கு மேலை, இது இன்னார் சொன்னதெண்டு உங்கடை பேரைப் போடுறன்."

"மெசின் அதை வாசிக்குமோ?"

"வாசிக்காது. முன்னாலை ஒரு நட்சத்திரக்குறி போட்டா மெசின் அந்த வரியை விட்டிட்டுப் போகும். பின்னுக்கு அந்தப் புரோகிராமைத் திருத்த வாற மனிசர்தான் வாசிப்பினம்."

"அது காணும்" என்றார் இக்னேசியஸ்.

தாயைக் கையில் பிடித்து எழுப்பினார். அப்போது ஞானமலர் என்னைப் பார்த்தாள். நான் சாத்தியிருந்த யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேண்டாம் என்று சொல்லி எழுந்த மாப்பிள்ளையை இரந்து இருத்துகிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. அவர் நின்ற இடத்தில் நான் நின்றிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். அப்படிப்பட்ட ஒருவரை எவ்வளவு காலம் தேடினாலும் என் மகளுக்கு நான் இனிக் காணமாட்டேன் என்பதும் அந்த நிமிஷத்தில் எனக்குத் தெரிந்திருந்தது. வாசல்வரை போய்க் குடையை விரித்து அவர் கையில் கொடுத்தேன். அவர் அதைத் தாய்க்குப் பிடித்துக்கொண்டு, தான் நனைந்தபடி போனார்.

சீதனத்தில் ஒரு சதமும் பிசகவில்லை. நாங்கள் கொடுப்பதாகச் சொன்னதை அவர்கள் குறைத்துக் கேட்டார்களே தவிரக் கூட்டிக் கேட்டதில்லை. இதையும் சேர்த்து எழுதுகிறேன், ஏனென்றால் அதைப்பற்றியும் கதைக்கிறார்கள்.

அவள் மாசி மாதம் கொழும்புக்குப் போனாள். நான்தான் ரயில் நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பெட்டி பாரமாக இருந்தது. புத்தகங்கள் என்றாள். திரும்பி வந்து பார்த்தபோது அலுமாரியில் அந்தக் கொக்கி இருக்கவில்லை. நேரசூசி மட்டும் கதவின் உட்புறத்தில் அப்படியே ஒட்டியிருக்கிறது.

என் மகளின் தொழிலைப்பற்றி நான் பெருமையாகவே சொல்வேன். பிறகு அவள் வேறு இரண்டு கொம்பியூட்டர் மொழிகளில் புரோகிராம் எழுதப் பழகினாள். தேயிலைக் கணக்கு, கப்பல் கணக்கு என்று கொம்பனியின் பெரிய வேலைகள் அவள் கைக்கு வந்தன. இன்று அங்கே புரோகிராம் எழுதுகிறவர்களுக்கெல்லாம் அவள்தான் பொறுப்பு. புதிதாகச் சேருகிறவர்களை அவள் முதலில் மெசினுக்குக் கிட்ட விடுவதில்லையாம். களஞ்சியத்துக்கு அனுப்பி, துண்டு எழுதுகிறவர்களோடு நின்று பார்த்து வரச் சொல்வாளாம். யார் என்ன நிறப் பென்சிலால் எழுதுகிறார்கள் என்று வந்து சொல்ல வேண்டுமாம். சிலர் சிரிப்பார்களாம். சரீப் கொழும்புக்குப் போய் வந்து சொன்னார். அந்தப் புரோகிராமில் நட்சத்திரக்குறி போட்ட வரியையும் அவர் கண்ணால் பார்த்தார். பெயர் இருக்கிறது.

வரன்கள் வந்தன. டொக்டர் ஒருவர், கப்பல் அதிகாரி ஒருவர். ஞானமலர் மறுக்கவில்லை, விடுமுறை எடுத்து வருவாள், வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுப்பாள். "என்ன கதைச்சனீ பிள்ளை?" என்று தாய் கேட்டால், "கதைக்க ஒண்டும் இல்லை அம்மா" என்பாள். பிறகு நான் வரன் பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

இக்னேசியஸ் அதே கேற்றில்தான் இருக்கிறார். தொப்பி போட்டுக்கொண்டு, நேராக நின்று, உள்ளே வருகிற ஒவ்வொரு மூட்டைக்கும் துண்டு எழுதுகிறார். மாலையில் அந்தத் துண்டுகளைக் கட்டி மெயிலில் ஏற்றுகிறார்கள். கொழும்பில் அவற்றை அட்டையில் அடித்து, என் மகள் எழுதிய புரோகிராமுக்குக் கொடுக்கிறார்கள். அவர் எழுதியதில் இன்றுவரை ஒரு பிழையும் வந்ததில்லையாம். மக்டலின் வீதியில் என்னைக் கண்டால் குடையைச் சாய்த்துக்கொள்வார். இக்னேசியஸ் என்னைக் கண்டால் தொப்பியைக் கழற்றுவார். நானும் நின்று தலை அசைத்துவிட்டுத்தான் போவேன். அவர் கலியாணம் செய்யவில்லை.

இனி ஊர்க்கதை. மூன்றாம் ஓலை வாசித்த ஞாயிறு, கோயிலின் பின்பக்கத்திலிருந்து ஒருவர் எழும்பி, ஞானமலருக்குக் கொழும்பில் வேறு தொடர்பு உண்டென்று தடை சொன்னதாகவும், நான் தலை குனிந்து வெளியேறியதாகவும் கதைக்கிறார்கள். அன்று நான் என் வழக்கமான இடத்தில் பூசை முடியும்வரை இருந்தேன். ஒருவரும் எழும்பவில்லை. மூன்றாம் ஓலை வாசிக்கப்படவே இல்லை.